நரி வெங்காயம்: இலை விடும் முன்பே பூக்கும் காட்டுக் கிழங்கு – எதற்கு உதவும், எங்கே ஆபத்து?

பங்குனி பிறந்து வெயில் ஏறியதும் மானாவாரி நிலத்தின் வரப்போரத்திலும் மேய்ச்சல் கரட்டிலும் நடந்து பாருங்கள். புல் காய்ந்து கிடக்கும். பச்சை என்று சொல்ல ஒரு தழை இருக்காது. அந்த நேரத்தில் மண்ணிலிருந்து ஒற்றைக் குச்சி ஒன்று நேராக மேலே வந்திருக்கும். அடியில் இலை கிடையாது. முழங்கால் உயரம், சில இடங்களில் இடுப்பு உயரம்கூட இருக்கும். குச்சியின் மேல்பாதியில், நீண்ட காம்புகளில் இடைவெளி விட்டுச் சிறு மணிகள் போலப் பூக்கள் தொங்கும். நிறம் வெளிறிய பச்சையும் பழுப்பும் கலந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ நட்டுவைத்த காய்ந்த குச்சி என்றுதான் நினைப்பீர்கள்.

அதுதான் நரி வெங்காயம். காட்டு வெங்காயம் என்றும் சொல்வார்கள். கேரளத்தில் காட்டுள்ளி. தாவரவியல் பெயர் ட்ரிமியா இண்டிகா. பழைய நூல்களில் அர்ஜினியா இண்டிகா என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

ஒவ்வொரு கோடையிலும் இந்தச் செடியைப் பற்றி எனக்கு அழைப்புகள் வரும். கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். "சார், கோடை உழவுல வெங்காயம் மாதிரி கிழங்கு மேல வந்திருக்கு, சமைக்கலாமா?" "மூட்டைக் கணக்குல வாங்கிக்கிறேன்னு ஒருத்தர் வர்றார், தோண்டிக் கொடுக்கலாமா?" "எலிக்கு மருந்தாகுமாமே?"

முதல் கேள்விக்கு ஒரே பதில்: கூடாது, ஒரு துண்டுகூடக் கூடாது. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

இலைக்கு முன் பூ ஏன்?

நாம் கிழங்கு என்று சொன்னாலும் இது சேனை, கருணை போன்ற கிழங்கு அல்ல. நம் வெங்காயத்தைப் போலவே, அடியில் ஒரு தட்டும் அதன் மேல் ஒன்றையொன்று மூடிய சதைப்பற்றான செதில்களும் கொண்ட குமிழம். மழைக்காலத்தில் இலை விட்டு, வெயிலைப் பிடித்து, உணவைச் செதில்களில் சேர்த்துக்கொள்கிறது. ஈரம் வற்றியதும் இலை காய்ந்து மறைந்துவிடும். பிறகு சில மாதம் மண்ணுக்குள் உறக்கம். கோடையில், மழையை எதிர்பார்க்காமல், சேர்த்து வைத்த உணவையும் நீரையும் வைத்தே பூந்தண்டை வெளியே தள்ளுகிறது.

இப்படி முந்திப் பூப்பதில் செடிக்கு ஒரு கணக்கு இருக்கிறது. பூத்து, காய்த்து, காய் வெடிக்கும்போது கோடை மழையோ பருவமழையோ நெருங்கிவிடும். விதை கருப்பாக, தட்டையாக, காகிதம் போல லேசாக இருக்கும். காற்றில் பறந்து விழுந்த இடத்தில் ஈரம் கிடைத்தால் முளைத்துவிடும். ஒரு பூ ஒரு நாளைக்கு மேல் நிற்பதில்லை. ஆனால் ஒரே தண்டில் கீழிருந்து மேலாக வரிசையாகப் பூப்பதால் பல நாட்கள் பூ இருந்துகொண்டே இருக்கும்.

குமிழத்தின் சேமிப்பு எவ்வளவு என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நம் ஊர்களில் ஆகாச கருடன் கிழங்கை வாசலில் கட்டித் தொங்கவிடுவார்கள், மண்ணும் தண்ணீரும் இல்லாமலே அது கொடி விடும். கிரேக்க நாட்டின் கிரீட் தீவில் நரி வெங்காயத்தின் உறவுச் செடியான கடற்கரை வெங்காயத்தைப் புத்தாண்டு அன்று அதேபோல வீட்டு வாசலில் தொங்கவிடுகிறார்கள். அதுவும் தொங்கிக்கொண்டே துளிர்க்கும். தோண்டிய நரி வெங்காயத்தை மூலையில் குவித்து வைத்தால் நாலு வாரத்தில் மூட்டைக்குள்ளேயே முளை கட்டுவது இதனால்தான்.

வெங்காயத்திலிருந்து பிரித்து அறிவது

பூந்தண்டு இருக்கும்போது யாரும் ஏமாற மாட்டார்கள். ஆபத்து மற்ற இரண்டு பருவங்களில்தான். ஒன்று, மழைக்குப் பின் இலை மட்டும் நிற்கும் காலம். மற்றொன்று, உழவில் கிழங்கு புரண்டு மேலே வந்து, செடி என்று எதுவுமே தெரியாத காலம். பல ஆண்டு தரிசாகக் கிடந்த நிலத்தை முதன்முறை உழும்போதும், கரட்டை ஒட்டிய நிலத்தைச் சமப்படுத்தும்போதும் இது கூடையளவு மேலே வரும். எலுமிச்சை அளவிலிருந்து பெரிய பெல்லாரி வெங்காயம் அளவு வரை இருக்கும். மேல்தோல் வெளிறியது, உள்ளே வெள்ளை. சின்ன வெங்காயம் பயிர் செய்யும் பகுதிகளில் பிள்ளைகள் இதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவது இயல்பாக நடக்கக்கூடியது.

கையில் வந்த கிழங்கை அரிவாளால் குறுக்கே வெட்டுங்கள். சமையல் வெங்காயம் என்றால் அந்த நெடி உடனே மூக்கில் ஏறும், கண் எரியும். நரி வெங்காயத்தில் அந்த நெடி கிடையாது. வெட்டிய இடத்தில் வழவழவென்று கோந்து போன்ற சாறு வரும். இலையைப் பார்த்தால், வெங்காயத் தாள் உள்ளே கூடாக இருக்கும், குழல் போல ஊதலாம். நரி வெங்காய இலை தட்டையானது, நாடா போல நீளமானது. பூண்டு இலையும் தட்டைதான், ஆனால் கசக்கினால் பூண்டு வாசனை வந்துவிடும். ஆக, வாசனை இல்லாத ‘வெங்காயம்’ எதுவும் சமையலறைக்குள் போகக் கூடாது. நாக்கில் வைத்துச் சோதிப்பது வேண்டாம். கடும் கசப்பு, அது போதாதென்று நாக்கு அரிப்பும் சேரும்.

வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கருணைக் கிழங்கு, சேப்பங்கிழங்கு அரிக்கக் காரணமான அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் உண்டு. நுண்ணோக்கியில் பார்த்தால் கற்றை கற்றையாகத் தையல் ஊசிகளை அடுக்கிவைத்தது போல இருக்கும். தோலில் குத்தி அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். அந்தக் கையோடு கண்ணைத் தேய்த்துவிடாதீர்கள். நிறைய கிழங்குகளைக் கையாள வேண்டியிருந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மருந்தும் நஞ்சும் ஒரே பொருள்தான்

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நரி வெங்காயத்தில் ஸ்கில்லாரென், புரோஸ்கில்லாரிடின் என்ற வேதிப்பொருள்கள் உள்ளன. இவை இதயத்தின் மேல் வேலை செய்யும் கிளைக்கோசைடுகள். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லிலும் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் ஒரு பம்பு உண்டு. இந்தப் பொருள்கள் அந்தப் பம்பைப் பிடித்து நிறுத்துகின்றன. சிறிதளவு நின்றால் செல்லுக்குள் கால்சியம் கூடி, இதயம் அழுத்தமாகவும் நிதானமாகவும் துடிக்கும். தளர்ந்த இதயத்துக்கு அது நன்மை. அளவு தாண்டினால் துடிப்பின் தாளமே குலைந்து, இதயம் நின்றுவிடவும் கூடும்.

அரளி விதையை அரைத்துக் குடித்தால் என்ன ஆகும் என்று நம் கிராமங்களில் தெரியாதவர் இல்லை. அரளியின் நஞ்சு பிடித்து நிறுத்துவதும் இதே பம்பைத்தான். வழி ஒன்றே.

அப்படியானால் இதை மருந்தாக எப்படிப் பயன்படுத்தினார்கள்? மத்தியதரைக் கடல் நாடுகளில் 2000 ஆண்டுகளுக்கு முன்பே கடற்கரை வெங்காயத்தைக் காடியில் ஊறவைத்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் டயஸ்கோரிடிஸ் அதைச் செய்யும் முறையை எழுதிவைத்திருக்கிறார். சளியை இளக்கி வெளியே கொண்டுவரவும், உடம்பில் கோத்த நீரைச் சிறுநீராகப் பிரிக்கவும் கொடுத்தார்கள். ஆங்கில மருத்துவத்தில் இருமல் மருந்துகளில் இதன் சாறு நெடுங்காலம் இருந்தது. ஐரோப்பியக் கிழங்குக்குப் பதிலாக நம் நாட்டு நரி வெங்காயத்தைப் பயன்படுத்தலாம் என்று மருந்து நூல்கள் ஏற்றுக்கொண்டன. பிரித்தெடுத்த புரோஸ்கில்லாரிடின் இதய மாத்திரையாகவும் இருந்தது. நம் சித்த மருத்துவத்திலும் இரைப்பு, இருமல், நீர்க்கோவைக்கு இதற்கு இடம் உண்டு. ஆனால் சுத்தி செய்த பிறகு, வைத்தியர் அளந்து கொடுப்பது அது.

அளந்து என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இருக்கும் இடைவெளி இதில் மிகக் குறுகியது. அதோடு, இந்தக் கிழங்கில் மருந்துப் பொருளின் அளவு நிலையாக இருப்பதில்லை. செடிக்குச் செடி, மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். போன ஆண்டு ஒரு சிட்டிகை கொடுத்தபோது குணம் தெரிந்தது என்பதை வைத்து, இந்த ஆண்டு வேறொரு கரட்டில் எடுத்த கிழங்கில் அதே சிட்டிகையைக் கொடுக்க முடியாது. ஆய்வகத்தில் அளக்காமல் எனக்கும் சொல்ல வராது, அனுபவப்பட்ட பாட்டிக்கும் சொல்ல வராது.

எனக்குப் பழக்கமான ஒரு பெரியவர், நல்ல விவசாயி, கால் வீக்கத்துக்கு யாரோ சொன்னதைக் கேட்டு இந்தக் கிழங்கை இடித்துச் சாறு குடித்தார். ஏற்கனவே இதயத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்பதைச் சொன்னவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. அன்று மாலையே வாந்தி. மறுநாள் நாடி மெதுவாகி, விட்டு விட்டுத் துடித்தது. பிள்ளைகள் நேரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார். டைகாக்சின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது நேரடியாக இரட்டை அளவு மருந்து. நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் ஏற்கனவே குறைந்திருக்கலாம், அது இந்த நஞ்சின் வேகத்தைக் கூட்டும். வீட்டில் இதய நோயாளி, கர்ப்பிணி, சிறுபிள்ளை இருந்தால் இந்தக் கிழங்கை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

கால் ஆணிக்குக் கிழங்கைச் சுட்டு வைத்துக் கட்டும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. வெளிப்பூச்சு என்பதால் உள்ளே சாப்பிடும் அளவுக்கு ஆபத்து இல்லை. என்றாலும் புண்ணோ வெடிப்போ உள்ள காலிலும், சர்க்கரை நோய் உள்ளவர்களின் காலிலும் வைக்கவே கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் அரிப்பும் சூடும் தெரியாது, தெரிய வரும்போது புண் ஆழமாகியிருக்கும்.

எலிக்கும் பூச்சிக்கும்

எலி மருந்து என்ற பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. கடற்கரை வெங்காயத்தில் சிவப்புத் தோல் கொண்ட ஒரு வகை இருக்கிறது. அதில் ஸ்கில்லிரோசைடு என்ற நஞ்சு அதிகம். 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பல நாடுகளில் அதைப் பொடித்து எலிக்கு வைத்தார்கள். அதைத் தேர்ந்தெடுத்த காரணம் சுவையானது. இந்த நஞ்சு வயிற்றில் பட்டதும் கடுமையான வாந்தியைக் கிளப்பும். நாயும் பூனையும் மனிதனும் பெரும்பகுதியை வாந்தியெடுத்து வெளியே தள்ளிவிடலாம். எலிக்கு வாந்தி எடுக்கும் திறனே கிடையாது. உள்ளே போனது போனதுதான்.

ஆனால் நம் கரட்டில் இருப்பது அந்தச் சிவப்பு வகை அல்ல. வெள்ளைக் கிழங்கை இடித்துக் கருவாட்டிலும் தேங்காயிலும் கலந்து வைப்பதால் எலி சாகும் என்று நம்பியிருக்க முடியாது. ஆனால் அந்த உருண்டையைக் கோழி கொத்தும், நாய் நக்கும், தவழும் பிள்ளை எடுத்து வாயில் வைக்கும். வாந்தி காப்பாற்றிவிடும் என்பதை யாருக்கும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது. எலிக்குப் பொந்து பார்த்து வெட்டுவது, தஞ்சாவூர்க் கிட்டி, வரப்பைக் குறுக்கிக் கட்டுவது, ஆந்தைக்குத் தாங்கிக் குச்சி நடுவது என்று கையில் இருக்கும் வழிகளே மேல்.

பூச்சிவிரட்டிக் கரைசலில் இதைப் போடலாமா என்று இயற்கை விவசாயம் செய்யும் சில நண்பர்கள் கேட்பார்கள். ஆடு தின்னாத தழை, கசப்பான தழை, பால் வடியும் தழை என்று தேர்ந்தெடுக்கும் முறை நல்ல முறைதான், நானும் பரிந்துரைக்கிறேன். இந்தக் கிழங்கை மட்டும் விட்டுவிடுங்கள். கீரை, தக்காளி, வெண்டை என்று இரண்டு நாளில் பறித்துச் சாப்பிடும் பயிரின் மேல் இதய நஞ்சைத் தெளிக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. வேம்பும் நொச்சியும் ஆடாதொடையும் இருக்கும் ஊரில் இதைத் தேடிப் போவானேன்?

தோண்டி விற்பவர்களுக்கு

இனி இரண்டாவது கேள்வி. மருந்துச் சரக்காக இதற்கு வாங்குபவர்கள் உண்டு. பூத்து முடிந்த உடனே கிழங்கைத் தோண்டி, வெளித்தோலை நீக்கி, துண்டு போட்டு உலர்த்த வேண்டும் என்பது மருந்து நூல்கள் சொல்லும் முறை. வியாபாரிகள் ஆள் அனுப்புவதும் இந்தப் பருவத்தில்தான். காய்ந்த கரட்டில் பூந்தண்டு மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும்போது கிழங்கு எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டாம்.

சிக்கல் இங்கேதான். பூந்தண்டைப் பார்த்துத் தோண்டுகிறவர், அந்தச் செடி விதை உதிர்ப்பதற்குச் சில வாரம் முன்னால் தோண்டுகிறார். பூக்கும் அளவுக்கு வளர்ந்த கிழங்கு எல்லாம் போய்விடும். பூக்காத சிறு கிழங்கு மட்டும் மண்ணுக்குள் மிஞ்சும், அது பூக்கும் நிலைக்கு வர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அடுத்த பங்குனியில் ஆள் மறுபடி வருவார். இப்படி நாலைந்து கோடை போனால் அந்தக் கரட்டில் நரி வெங்காயம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இருக்காது. முந்திப் பூத்து மழையைப் பிடிக்கும் அதே சாமர்த்தியம், கடப்பாறை கொண்டு வருபவருக்கு அதைக் காட்டிக்கொடுத்தும் விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. எல்லா இடத்து நரி வெங்காயமும் விதை பிடிப்பதில்லை. இந்தச் செடியில் குரோமோசோம் எண்ணிக்கை 20, 30, 40 என்று வேறுபடும் கூட்டங்கள் இருப்பதை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். 30 உள்ள மும்மடியச் செடிகள் நன்றாகப் பூக்கும், ஆனால் காய் கட்டாது. நாம் சாப்பிடும் விதையில்லா வாழை போலத்தான். அவை பெருகுவது பக்கக் கிழங்கு மூலம் மட்டுமே. உங்கள் கரட்டில் உள்ளது அப்படிப்பட்ட கூட்டமாக இருந்தால், தோண்டியது திரும்பக் காற்றில் பறந்து வராது.

சொந்த நிலத்தில் இருந்து எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பூத்திருக்கும்போது தோண்டாமல், ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் ஒரு மூங்கில் குச்சியை அடித்துவிட்டு வாருங்கள். காய் பழுப்பாகி வெடிக்கத் தொடங்கும்போது தண்டை வெட்டி, தாளில் வைத்து உலர்த்தி, விதையைத் தட்டி எடுங்கள். அதன்பின் குச்சி அடையாளத்தை வைத்து மூன்றில் ஒரு கிழங்கை மட்டும் தோண்டுங்கள். ஒட்டியிருக்கும் பக்கக் கிழங்குகளைப் பிரித்து அதே குழியில் திரும்ப வைத்து, சேகரித்த விதையையும் அங்கேயே தூவி, விரல்கணு ஆழத்துக்கு மேல் போகாமல் மண்ணைத் தள்ளிவிடுங்கள். விதையைப் பழையதாக்காமல் அந்த ஆண்டு மழைக்கே போட்டுவிட வேண்டும். ‘விதை விழும்வரை காத்திருந்தால் சரக்கு தரம் குறையும்’ என்று வாங்குபவர் சொல்வார். இரண்டு மூன்று வாரத்துக்காக ஒரு கரட்டையே காலி செய்ய வேண்டியதில்லை என்று நீங்கள் சொல்லுங்கள். வேறு வழி இல்லாதபோது வாங்குபவர் காத்திருப்பார் என்பது என் அனுபவம்.

காப்புக்காட்டுக்குள் புகுந்து தோண்டுவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். வன உரிமைச் சட்டம் 2006-இன்படி உரிமை பெற்ற பழங்குடி, வனவாழ் குடும்பங்களுக்குச் சிறுவனப் பொருள் சேகரிக்கும் உரிமை உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. பிடிபடும்போது கூலிக்குத் தோண்டியவர்தான் நிற்பார், மூட்டைக்குச் சொந்தக்காரர் நிற்க மாட்டார்.

பயிராகச் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். தண்ணீர் தேங்காத மணல் கலந்த செம்மண் இதற்கு உகந்தது. கடற்கரை மணலிலும் தானாகவே வளரும் செடி இது. களிமண்ணில் மழைத் தண்ணீர் நின்றால் அடித்தட்டு அழுகிவிடும். பக்கக் கிழங்கை நடலாம். வேகமாகப் பெருக்க வேண்டுமானால், முதிர்ந்த கிழங்கை நெடுக்கு வாக்கில் பல துண்டுகளாகப் பிளந்து, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு செதிலும் அடித்தட்டின் ஒரு பகுதியும் ஒட்டியிருக்கும்படி வெட்டி, நிழலில் ஒரு நாள் ஆறவைத்து, ஈரம் குறைந்த மணலில் ஊன்றினால் செதிலின் அடியில் சிறு கிழங்குகள் பிடிக்கும். அடித்தட்டு ஒட்டாத வெறும் செதிலை நட்டுப் பயனில்லை, அழுகித்தான் போகும்.

முதல் ஆண்டிலேயே வருமானம் தரும் பயிர் அல்ல. தோண்டிய கிழங்கின் எடையில் பெரும்பங்கு நீர் என்பதால், உலர்த்தியபின் கையில் நிற்பது கொஞ்சம்தான். வாங்கும் நிறுவனம் எது, பச்சையாகவா உலர்த்தியா, என்ன விலைக்கு என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு சென்ட்கூட நட வேண்டாம். ‘கிழங்கு விதை நாங்கள் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்’ என்று தொடங்கும் பேச்சாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கண்வலிக் கிழங்கு, கோலியஸ் பயிர்களில் விலை ஏறி இறங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வரப்போரத்தில் நாலு செடி இருந்தால் இருக்கட்டும். பயிருக்கு அதனால் தொல்லை இல்லை. பயிர் உறங்கும் கோடையில்தான் அது பூக்கிறது. பூவே இல்லாத அந்த நாட்களில் தேனீக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும்.

ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு

கசப்பால் கால்நடை பொதுவாக இதைத் தொடாது. தீவனம் இல்லாத ஆண்டில் பசித்த ஆடு அப்படிப் பார்த்துக்கொண்டிருக்காது. தென்னாப்பிரிக்காவில் இதே இனத்தைச் சேர்ந்த சில செடிகள், புல் துளிர்க்கும் முன்பே துளிர்த்துவிடுவதால் மாடுகளையும் ஆடுகளையும் ஏராளமாகக் கொன்றிருக்கின்றன. வேறெங்கும் பச்சை இல்லாதபோது முதலில் தெரிகிற பச்சை அதுதான். நம் ஊரிலும் வறண்ட ஆண்டில் முதல் மழைக்குப் பின் வரும் நாட்களில்தான் கவனம் தேவை. வெளியூரிலிருந்து புதிதாக வாங்கி வந்த ஆடுகளை அன்றைக்கே கரட்டில் விடாதீர்கள். உள்ளூர்ச் செடி எது என்று அவற்றுக்குத் தெரியாது. வயிற்றுக்குக் கொஞ்சம் தட்டையோ தழையோ போட்டபின் ஓட்டிச் செல்லுங்கள்.

தின்ற கால்நடை அசை போடாமல், வயிறு உப்பி, கழிந்து, தள்ளாடி நிற்கும். அதை வீட்டுக்கு விரட்டி ஓட்டிவர முயலாதீர்கள். தாளம் தவறிய இதயத்தோடு ஓடும்போதுதான் விழுந்து சாகும். இருந்த இடத்திலேயே நிழல் செய்து, கால்நடை மருத்துவரை அங்கேயே அழைத்து வாருங்கள். நரி வெங்காயம் தின்றிருக்கலாம் என்று அவரிடம் முதலிலேயே சொன்னால், ஊக்கிய கரியைக் கொடுப்பது போன்ற சிகிச்சையை உடனே தொடங்குவார்.

யாராவது சாப்பிட்டுவிட்டால்

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, கழிச்சல் முதலில் வரும். பார்வை மங்கலாம், மஞ்சளாகவோ பச்சையாகவோ தெரியலாம். நாடி மெதுவாகி, இடையிடையே விட்டுத் துடிக்கும். உப்புக் கரைசல், புளிக் கரைசல், சாணக் கரைசல் எதையும் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர்கூட விடக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 108-க்கு அழைத்து, நேராக ஈசிஜி எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

வாந்தி நின்று ஆள் தெளிந்துவிட்டார் என்று பாதி வழியில் திரும்பிவிடாதீர்கள். இதயத்தின் தாளம் அதன்பின்னும் குலையலாம். மருத்துவர் வீட்டுக்குப் போகச் சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும். மீதமிருக்கும் கிழங்கு, இலை, அரைத்த விழுது எதுவானாலும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். "வெங்காயம் சாப்பிட்டார்" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் உணவு ஒவ்வாமை என்று நினைக்க இடமுண்டு. "நரி வெங்காயம், அரளி மாதிரி இதயத்தைப் பிடிக்கும் நஞ்சு" என்று சொல்லுங்கள். நோயாளி வழக்கமாக எடுக்கும் மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடை உழவில் வெங்காயம் போன்ற கிழங்கு மேலே வந்து, எதுவென்று தெரியவில்லை என்றால், அதைச் சாக்கில் கட்டிப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு கிழங்கையும், கிடைத்தால் பூந்தண்டையோ இலையையோ அத்துடன் சேர்த்து, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். புகைப்படம் அனுப்பினால் வெட்டிய பக்கமும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள். முழுக் கிழங்கின் படத்தை மட்டும் வைத்து என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது.